ஸ்பிட்டிக்கு அரசு பஸ்ஸில் தனியாகப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்கு டூர் பேக்கேஜ், வாடகை ஜீப், பைக் கூட்டம் எதுவும் இல்லாமல், முதுகில் ஒரு பையோடு அரசு பஸ் ஏறிப் போய்வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரையான காலத்தை மனதில் வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். குளிர்காலத்துக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

ஸ்பிட்டி லடாக்கில்தானே இருக்கிறது?

இல்லை. லடாக்குக்குத் தெற்கே, இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிட்டி மாவட்டத்தில் இருக்கிறது. கிழக்கே திபெத் எல்லை. பள்ளத்தாக்கின் தலைமை ஊர் காஸா, ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஸ்பிட்டி முழுவதற்குமே பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். நம் ஊர்ப் பக்கம் ஒரு சுமாரான பேரூராட்சியில் இதைவிட ஆட்கள் அதிகம். மழை மறைவுப் பகுதி என்பதால் மரம் செடி கொடி அபூர்வம். பனி உருகி வரும் ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிக் கொண்டுவந்த இடத்தில் மட்டும் பச்சை இருக்கும், மற்றதெல்லாம் மண்ணும் பாறையும்.

எந்த வழியாகப் போவது நல்லது? மணாலியா, சிம்லாவா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். சிம்லா, அதற்கும் ஸ்பிட்டிக்கும் நடுவே இருக்கும் கின்னௌர் மாவட்டம் வழியாக உள்ளே போங்கள். குன்ஸும் கணவாய், மணாலி வழியாக வெளியே வாருங்கள். தலைகீழாக வேண்டாம்.

மணாலி 2,000 மீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து காஸா ஏறத்தாழ 200 கிமீதான். ஆனால் 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் குன்ஸும் கணவாயைத் தாண்டி, அன்று இரவே காஸாவில் படுக்க வேண்டும். ஒரே நாளில் படுக்கும் உயரம் 1,600 மீட்டருக்கு மேல் கூடிவிடும். மணாலி வழியாக வந்தவர்களில் பலர் மறுநாள் காலை தலையைப் பிடித்துக்கொண்டு அறையிலேயே கிடப்பது இதனால்தான்.

கின்னௌர் வழி நீளம். சிம்லாவிலிருந்து காஸாவுக்கு 400 கிமீக்கு மேல். ஆனால் படிப்படியாக ஏறும். சிம்லா 2,200, கல்பா 2,900, தாபோ 3,280, காஸா 3,700. வழி முழுக்க ஊர்கள், கடைகள், இறங்கித் தங்க இடங்கள். தலைவலி வந்தால் ஒரு நாள் நின்று போகலாம். மணாலி வழியில் பெரும்பகுதிக்கு, நிற்க வேண்டும் என்றாலும் நிற்க ஊர் கிடையாது.

எத்தனை நாள் வேண்டும்?

சென்னையிலிருந்து கிளம்பித் திரும்ப, ரயிலையும் சேர்த்து, மூன்று வாரம் இருந்தால் நிம்மதி. இரண்டு வாரம் என்றால் தில்லிவரை விமானம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள்தான் லீவு என்றால் என் யோசனை: கின்னௌரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்பா, சாங்லா, சித்குல் மூன்றுமே அருமையான இடங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இந்த மாதிரி இடத்துக்குத் தனியாகப் போக விலை உயர்ந்த ஷூவோ பெரிய வீரமோ தேவையில்லை. கையில் உபரி நாள் வேண்டும். நிலச்சரிவு, ஓடாத பஸ், வயிற்றுப்போக்கு, தலைவலி, கிராமத்துத் திருவிழா என்று எது வந்தாலும் ஒரு நாள் கூட இருக்க முடிந்தவருக்கு அது பயணம். இருக்க முடியாதவருக்குப் பிரச்சினை. பிரச்சினை வந்ததும் அவர் செய்வது வாடகைக் காரைப் பிடித்து, அவசரப்பட்டு, இருட்டில் மலைச்சாலையில் போவது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எந்த மாதம்?

செப்டம்பர். மழை ஓய்ந்திருக்கும், இரண்டு சாலைகளும் பெரும்பாலும் திறந்திருக்கும், வானம் துடைத்து வைத்ததுபோல இருக்கும், கூட்டமும் குறையும். ஜூனும் நல்லதுதான், ஆனால் குன்ஸும் கணவாய் எப்போது திறக்கும் என்பது அந்தந்த வருடப் பனியைப் பொறுத்தது. சில வருடம் மே கடைசி, சில வருடம் ஜூன் நடு.

ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிட்டிக்குள் மழை குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஸ்பிட்டிக்குப் போகும் வழி முழுக்க மழை. கின்னௌரில் 2021 ஜூலையில் பட்சேரியிலும், ஆகஸ்டில் நிகுல்சாரியிலும் மலை சரிந்து வண்டிகள் மீது விழுந்ததில் பலர் இறந்தார்கள். 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிப் பக்கம் திடீர்ப் பனியில் ஏறத்தாழ 300 பேர் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். அந்த இரண்டு மாதம்தான் லீவு கிடைக்கும் என்றால் உபரி நாளை இரட்டிப்பாக்குங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து அங்கே எப்படிப் போய்ச் சேருவது?

சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு இரவில் தில்லி. தில்லியிலிருந்து கால்கா வரை ரயில், அங்கிருந்து சிம்லாவுக்கு 96 கிமீ குறுகிய பாதையில் மலை ரயில். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை இது. நேரம் இல்லையென்றால் தில்லி கஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து இமாசல அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் இரவு பஸ் இருக்கிறது. எச்.ஆர்.டி.சி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

சிம்லாவில் வெளியூர் பஸ்கள் கிளம்பும் இடம் ஊருக்கு வெளியே டூட்டிகண்டியில். ஊருக்குள் இருக்கும் பழைய பஸ் நிலையத்தில் போய் நின்று நேரத்தைத் தொலைக்காதீர்கள். டூட்டிகண்டியிலிருந்து கின்னௌரின் தலைமை ஊரான ரெக்காங் பியோ போக ஒரு பகல் முழுவதும் எடுக்கும். பியோவில் தங்குவதைவிட மேலே கல்பாவுக்கு உள்ளூர் பஸ் பிடித்துப் போய் இரண்டு இரவு தங்குவது நல்லது. உயரமும் பழகும், எதிரே கின்னர் கைலாச மலைத்தொடர் முழுசாகத் தெரியும்.

ரெக்காங் பியோ - காஸா பஸ் எப்படி இருக்கும்? பயமாக இருக்காதா?

தினமும் அதிகாலையில் பியோ பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் முந்தின நாள் மாலையே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். காலையில் கவுண்டர் திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கும். டிக்கெட்டில் சீட் நம்பர் எழுதித் தருவார்கள். நம்பர் இல்லாத டிக்கெட் என்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றோ, இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தோ போக வேண்டியிருக்கும்.

சொகுசு கிடையாது. சாதாரண பஸ், நிமிர்ந்த இருக்கை, முட்டி இடிக்கும். பின்வரிசையில் உட்கார்ந்தால் இடுப்பு காலி. பஸ்ஸில் ஆட்கள் மட்டும் போவதில்லை. காய்கறி மூட்டை, கேஸ் சிலிண்டர், யாரோ ஒருவர் வீட்டுக்கு வாங்கிய கதவு என்று எல்லாம் ஏறும். வழியில் ஒரு வீட்டு வாசலில் பஸ் நிற்கும், கண்டக்டர் மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு ஏறிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடும், இந்தப் பள்ளத்தாக்கின் தபால், கூரியர், மளிகை வண்டி எல்லாம் இதுதான்.

பயம் என்று கேட்டால், சாலை பயமானதுதான். கீழே சட்லெஜ், மேலே தலைக்குமேல் தொங்கும் பாறை. காப் என்னும் இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அங்கே பாலத்தைத் தாண்டியதும் சாலை ஊசிக்கொண்டை வளைவுகளாக நாக்கோவை நோக்கி ஏறும். எதிரே லாரி வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் போயாக வேண்டும். அப்போது கண்டக்டர் இறங்கிப் பின்பக்கம் போய் நிற்பார். டிரைவர் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, விசிலைக் கேட்கிறார். விட்டு விட்டு விசில் வந்தால் பின்னால் வரலாம், ஒரே நீள விசில் வந்தால் அந்த அங்குலத்தோடு நிறுத்த வேண்டும். பின் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்போது அந்த நீள விசில் வரும். பஸ்ஸுக்குள் பாட்டிமார்கள் ஜபமாலையை உருட்டியபடி பேச்சை விடாமல் தொடர்வார்கள்.

தினமும் அதே சாலையில் ஓட்டும் அந்த டிரைவரைத்தான் நான் நம்புவேன். தில்லியிலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்த டூரிஸ்ட் வண்டிக்காரரை அல்ல.

வழியில் சாலை அடைபட்டால்?

அடைபடும். அதிலும் நாக்கோவைத் தாண்டி மல்லிங் என்னும் இடம் பேர் போனது. பெரும்பாலும் எல்லைச் சாலை அமைப்பின் புல்டோசர் சில மணி நேரத்தில் வழி செய்துவிடும். பெரிய சரிவு என்றால் இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் ஒரு பஸ் நிற்கும். பயணிகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து கடந்து மாறி ஏறுவார்கள். உள்ளூர்க்காரர்கள் நடந்தால் நீங்களும் நடங்கள். அவர்கள் உட்கார்ந்து டீ குடித்தால் நீங்களும் உட்காருங்கள். கல் உருண்டுகொண்டிருக்கும்போது போட்டோ எடுக்க முன்னால் போகிறவர் யார் என்று பார்த்தால் எப்போதும் வெளியூர்க்காரர்தான்.

பஸ்கள் அதிகாலையில் கிளம்புவதற்குக் காரணம் இருக்கிறது. வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையைக் குறுக்கே வெட்டிப்போகும் ஓடைகளில் தண்ணீர் பெருகும். காலையில் கணுக்கால் அளவு இருப்பது மாலையில் இடுப்பு அளவுக்கு வந்துவிடும்.

உயரத்தால் உடம்புக்கு என்ன ஆகும்? எனக்கு வயது இருபத்தைந்து, தினமும் ஜிம் போகிறேன்.

ஜிம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடல்வலு உள்ளவர்கள்தான் வேகமாக ஏறி முதலில் மாட்டுகிறார்கள்.

3,700 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. உடம்பு அதற்குப் பழக நாள் எடுக்கும். அதற்குள் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமை, காரணமில்லாத களைப்பு வரலாம். இந்த அளவில் இருந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான், மேலே ஏறாமல் அங்கேயே இருப்பது. தண்ணீர் குடியுங்கள், சாராயம் வேண்டாம், ஓய்வெடுங்கள். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும்.

சரியாகாமல் மோசமானால் காத்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரை கலந்த சளி என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது. குழறிப் பேசுவது, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது என்றால் மூளை வீங்குகிறது. இரண்டுமே உயிர் போகும் விஷயம். உடனே கீழே இறங்க வேண்டும், ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும். காஸாவில் அரசு சுகாதார மையம் இருக்கிறது, ஆக்சிஜன் கிடைக்கும். பெரிய சிகிச்சைக்கு ரெக்காங் பியோ, அதற்கும் மேல் சிம்லாதான்.

3,000 மீட்டரைத் தாண்டியபின் படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இன்னோர் இரவு. பகலில் உயரமாகப் போய் வரலாம், படுப்பது தாழ்வாக இருக்கட்டும். இந்தக் கணக்குப்படி கல்பாவில் இரண்டு இரவு, தாபோவில் இரண்டு, காஸாவில் இரண்டு, அப்புறம்தான் 4,400 மீட்டரில் இருக்கும் லாங்ஸா கிராமம், அதுவும் முதலில் பகலில் போய்வர மட்டும்.

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா?

அது உடம்பு பழகுவதை வேகப்படுத்தும், பழகுவதற்கு மாற்று ஆகாது. தடுப்புக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டியது. ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பர்மிட் வேண்டுமா?

இந்தியக் குடிமக்களுக்கு வேண்டாம். சோதனைச் சாவடியில் கேட்டால் காட்ட ஆதார் போன்ற அடையாள அட்டை போதும். இலங்கை, மலேசியா, கனடா என்று வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், கின்னௌரிலிருந்து சும்தோ வழியாக ஸ்பிட்டிக்குள் வரும் எல்லையோரப் பகுதிக்கு இன்னர் லைன் பர்மிட் வாங்க வேண்டும். ரெக்காங் பியோவில் டிராவல் ஏஜென்ட் வழியாக விண்ணப்பிப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் மூடியிருக்கும், அதையும் கணக்கில் வைத்துப் போங்கள்.

காஸாவிலிருந்து கிராமங்களுக்கு எப்படிப் போவது? பஸ் நேரமே சரியில்லையே?

நேரம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நமக்காக வைத்த நேரம் இல்லை. கிராமத்து ஆட்கள் காலையில் காஸாவுக்கு வந்து, கடை, ஆபீஸ், ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டு மாலையில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்குத்தான் பஸ். பிற்பகலிலோ மாலையிலோ காஸாவிலிருந்து கிளம்பும், இரவு கிராமத்திலேயே நிற்கும், காலையில் கீழே வரும். கிப்பருக்கும், பின் பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கும் முத் கிராமத்துக்கும் இப்படித்தான்.

"காலையில் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாமா" என்று கேட்பவருக்கு இந்த பஸ் உதவாது. போனால் அங்கேயே இரவு தங்க வேண்டும். அதுதான் இந்தப் பயணத்தின் லாபமும். பகலில் ஜீப்பில் வந்து கிப்பரில் இருபது நிமிடம் நிற்பவர்கள் எல்லாம் போனபிறகு, ஆடு யாக் எல்லாம் மலையிலிருந்து இறங்கி வரும் நேரத்தில், நீங்கள் ஊருக்குள் இருப்பீர்கள்.

லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் பக்கம் பஸ்ஸை நம்ப முடியாது. காஸா டாக்ஸி யூனியனில் விலைப்பட்டியல் ஒட்டியிருக்கும், பேரம் கிடையாது. நான்கு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். மேலே போகும்போது மட்டும் டாக்ஸி எடுத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் நடந்து வருவது என் விருப்பம்.

தனியாக நடக்கலாமா? வழிகாட்டி வேண்டாமா?

லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் மூன்றும் சாலையால் இணைந்தவை. கிப்பரிலிருந்து சிச்சம் பாலத்துக்கும் சாலைதான். 2017-இல் பாலம் திறக்கும்வரை அந்தப் பள்ளத்தைக் கம்பியில் தொங்கும் ஒரு பெட்டியில் உட்கார்ந்துதான் கடந்தார்கள். இந்த இடங்களில் ஆஃப்லைன் வரைபடமும், எங்கே போகிறேன் என்று தங்கிய வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் பழக்கமும் இருந்தால் தனியாகப் போகலாம்.

கணவாய் தாண்டும் நடைகள் வேறு. பின்-பாபா கணவாய் 4,900 மீட்டர், பராங் லா 5,500-க்கும் மேல். அங்கே ஆறு கடக்க வேண்டும், பனிமேல் நடக்க வேண்டும், நாள்கணக்கில் போன் சிக்னல் கிடையாது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போவது சாகசம் இல்லை, அறியாமை.

எங்கே தங்குவது?

கிராமங்களில் ஹோம்ஸ்டே. முன்பதிவு பெரும்பாலும் தேவைப்படாது. டெமுல் கிராமத்தில் விருந்தாளிகளை வீடுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. நல்ல வீடு பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன் என்று அங்கே அடம்பிடிக்காதீர்கள். மண்சுவர் வீடு, கூரைமேல் குளிர்காலத்துக்கான விறகும் வைக்கோலும் அடுக்கியிருக்கும். நடு அறையில் தகர அடுப்பு, அதைச் சுற்றித்தான் குடும்பம் உட்காரும். உங்களையும் அங்கேயே உட்கார வைப்பார்கள்.

கழிப்பறை பற்றி எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், நேராகச் சொல்லிவிடுகிறேன். பாரம்பரிய வீடுகளில் உலர் கழிப்பறை. மேல்தளத்தில் ஒரு சின்ன அறை, தரையில் நீள்சதுர ஓட்டை, ஓரத்தில் மண்ணோ சாம்பலோ குவித்து ஒரு மண்வெட்டி. வேலை முடிந்ததும் இரண்டு தள்ளு மண்ணை உள்ளே தள்ள வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால்தான் நாறும். கீழ்த்தளத்தில் அது மக்கி, வசந்தகாலத்தில் பட்டாணி, பார்லி வயலுக்கு உரமாகப் போகிறது. கழுவித்தான் பழக்கம் என்பவர்கள் ஒரு குவளைத் தண்ணீரோடு வெளியே தனியாகச் செய்துகொள்ளலாம், எங்கே என்று வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், அவர்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. ஈரத் துடைப்பான், நாப்கின் போன்றவற்றை ஓட்டைக்குள் போடாதீர்கள். அடுத்த வருடம் அது யாரோ ஒருவருடைய வயலில் கிடக்கும்.

குளிப்பது? இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வாளி வெந்நீர். வியர்வையே வராத குளிர், பரவாயில்லை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. சோறு, பருப்பு, ராஜ்மா, உருளைக்கிழங்குப் பராத்தா, துக்பா என்னும் நூடுல்ஸ் கஞ்சி, மோமோ. 3,700 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. எந்த வீட்டுக்குப் போனாலும் சாயங்காலம் விசில் சத்தம் கேட்கும். ஆகஸ்டில் போனால் வயலில் பறித்த பச்சைப் பட்டாணியை ஒரு மடி நிறையக் கொடுப்பார்கள். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரை டீ என்று நினைத்துக் குடிக்காதீர்கள், ரசம் என்று நினைத்துக் குடித்தால் பிடிக்கும்.

இந்தி தெரியாது. சமாளிக்க முடியுமா?

பஸ் எப்போது, எவ்வளவு, சாப்பாடு, தண்ணீர், வலி என்கிற அளவு இந்தி இருந்தால் போதும். ஸ்பிட்டிக்காரர்களின் தாய்மொழியும் இந்தி இல்லை, திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த 'போட்டி' (Bhoti) என்னும் மொழி. நம்மைப்போல அவர்களும் பள்ளியில் கற்றதுதான். 'ஜூலே' என்று சிரித்தபடி சொன்னால் வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும்.

போன், பணம்?

காஸாவில் சிக்னல் உண்டு, கிராமங்களில் வரும் போகும். யூ.பி.ஐ. நெட்வொர்க் இருக்கும்வரைதான். காஸாவில் ஏ.டி.எம். இருக்கிறது, ஆனால் பணம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிம்லாவிலோ பியோவிலோ முழுத் தேவைக்கும் ரொக்கம் எடுத்துவிடுங்கள், நூறு ரூபாய் நோட்டுகளாக. வீட்டுக்கு "தினமும் போன் பண்ணுகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நான்கு நாள் பேச்சில்லை என்றாலும் பயப்படாதீர்கள்" என்று சொல்லி, எந்த ஊருக்கு எப்போது போகிறேன் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

பஸ் கட்டணம் சில நூறுகள். வீட்டுத் தங்கலும் இரண்டு வேளைச் சாப்பாடும் ஆயிரம் ரூபாய்க்கு முன்னப்பின்ன. டாக்ஸி எடுத்தால் மட்டும் பட்ஜெட் எகிறும்.

எதை விடாமல் பார்க்க வேண்டும்?

தாபோ. கி.பி. 996-இல் தொடங்கிய மடம். வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், மண் பூசிய தாழ்வான சில கட்டடங்கள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு முக்கியக் கோயிலுக்குள் நுழைந்தால் முதலில் எதுவுமே தெரியாது. விளக்கு கிடையாது, கூரைத் திறப்பிலிருந்து வரும் வெளிச்சம்தான். கண் பழகியதும் சுவரில் ஆளுயரத்தில் ஒரு முகம், அடுத்து இன்னொன்று என்று வரத் தொடங்கும். சுவரோடு சுவராக மண்ணில் செய்து வண்ணம் பூசிய முப்பதுக்கும் மேற்பட்ட தேவர்கள், சுற்றிலும் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஓவியங்கள். படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால்தானோ என்னவோ எல்லோரும் பொறுமையாகப் பார்க்கிறார்கள். ஆயிரமாவது ஆண்டான 1996-இல் தலாய் லாமா இங்கே காலசக்கர விழா நடத்தினார்.

ஸ்பிட்டி ஆறும் பின் ஆறும் சேரும் இடத்துக்கு மேலே, அரித்த செங்குத்து மண்குன்றின் உச்சியில் தன்கர் மடம். ஸ்பிட்டியின் பழைய தலைநகரம். எடை தாங்காது என்பதால் ஒரே நேரத்தில் நிறையப் பேரை உள்ளே விடமாட்டார்கள். கீ மடத்தின் படத்தை ஏற்கெனவே நூறு முறை பார்த்திருப்பீர்கள், நேரிலும் அப்படியே இருக்கிறது.

'உலகிலேயே உயரமான' என்று தொடங்கும் பலகைகள் ஸ்பிட்டியில் அதிகம்: ஹிக்கிமில் தபால் நிலையம், காஸாவில் பெட்ரோல் பம்பு, கோமிக்கில் கிராமம். எல்லாம் வழக்காடத் தக்கவை. ஹிக்கிமிலிருந்து ஓர் அஞ்சலட்டை போடுங்கள், நீங்கள் வீடு திரும்பிய பிறகுதான் வந்து சேரும்.

லாங்ஸா பக்கம் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கும். இமயமலை எழுவதற்கு முன் இங்கே டெதிஸ் கடல் இருந்ததன் சாட்சி. பாருங்கள், இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். வீட்டோடு வீடாகத் தங்குவதும், பஸ்ஸில் பாதிக்கு மேல் உள்ளூர்ப் பெண்கள் இருப்பதும் பெரிய தெம்பு. ஸ்பிட்டிக்குள் இருப்பதைவிட, அங்கே போய்ச்சேரும் வழியில் தில்லி, சண்டிகர் பஸ் நிலையங்களில் நள்ளிரவில் மாறி ஏறும் நேரத்துக்குத்தான் முன்யோசனை வேண்டும். பகல் பஸ்ஸாகத் தேர்ந்தெடுங்கள்.

என்னென்ன எடுத்துப் போவது?

அடுக்கடுக்காகப் போட உடைகள், காற்றுப் புகாத மேலுடை, கம்பளித் தொப்பி, கையுறை. செப்டம்பர் கடைசியில் இரவு உறைநிலைக்குப் போகும். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் அழகுக்கு இல்லை, அந்த உயரத்து வெயில் உதட்டையும் மூக்கையும் உரித்துவிடும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும், வாசலின் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று, சுத்திகரிப்பு மாத்திரை. பவர் பேங்கை இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சார்ஜ் இறங்கும். மொத்தப் பை பத்து கிலோவுக்குள் இருக்கட்டும்; அதை பஸ் கூரைமேல் ஏற்றப்போவது நீங்கள்தான்.

குளிர்காலத்தில் போகலாமா?

முதல் பயணமாக வேண்டாம். குன்ஸும் மூடியிருக்கும், காஸாவில் மைனஸ் 20-க்கும் கீழே இறங்கும், குழாய்கள் உறையும், பியோ பஸ் பனி விலக்கிய நாளில் மட்டும் வரும். பனிச்சிறுத்தை பார்க்க பிப்ரவரி, மார்ச்சில் கிப்பருக்கு வருபவர்கள் உள்ளூர் ஆட்களின் ஏற்பாட்டோடுதான் வருகிறார்கள்.

சந்திரதால் ஏரி வழியாக மணாலிக்கு வெளியே வர முடியுமா?

காஸாவிலிருந்து மணாலிப் பக்கம் கோடையில் அதிகாலை பஸ் உண்டு. லோசரைத் தாண்டி குன்ஸும் கணவாயில் டிரைவர் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்குவார். பாத்தல் முதல் கிராம்பூ வரை சாலை என்று சொல்வது மரியாதைக்காக. உருண்டைக் கற்களும் ஓடைத் தண்ணீரும்தான். அதன்பிறகு 2020-இல் திறந்த அடல் சுரங்கம், ஒன்பது கிமீ, மறுபக்கம் திடீரென்று பச்சைக் காடு.

ஏரிக்கு பஸ் போகாது. காஸாவில் மணாலி போகும் டாக்ஸியில் ஆள் சேர்ந்து, வழியில் ஏரிப் பக்கம் ஓர் இரவு தங்குவது நடைமுறை வழி. கூடாரங்கள் ஏரிக்கரையில் இல்லை, சற்றுத் தள்ளித்தான் அனுமதி. 4,200 மீட்டருக்கு மேல் என்பதால் ஸ்பிட்டியில் ஒரு வாரம் இருந்தவருக்கு அங்கே தூக்கம் வரும்; மணாலியிலிருந்து நேராக வந்தவருக்கு வராது. ஏரியில் இறங்கிக் குளிக்காதீர்கள், தடையும் உண்டு, உயிர்போன சம்பவங்களும் உண்டு.

திரும்பும் டிக்கெட்டை முன்பே போட்டுவிடலாமா?

மணாலியில் வந்து இறங்கும் நாளுக்கும் தில்லியில் ரயில் ஏறும் நாளுக்கும் நடுவே குறைந்தது மூன்று நாள் விட்டுப் போடுங்கள். விமானம் என்றால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட். இன்னும் பாதுகாப்பாக வேண்டுமென்றால் மணாலிக்கு வந்த பிறகு தத்காலில் முயலுங்கள், ஏ.சி. வகுப்புக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்குத் திறக்கும். ஒன்றும் தடங்கல் இல்லாமல் வந்துவிட்டால் அந்த மூன்று நாளும் வீணாகாது, நகர் என்னும் ஊர் மணாலியிலிருந்து உள்ளூர் பஸ்ஸில் போகும் தூரம்தான்.